பிடில் வாத்தியார்

ஓசூருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கொள்ள நமக்கு எத்தனையோ விஷயங்கள் உண்டு. இங்கே லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். அது போதாதென்று ரோஜாப் பூவைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. கடைத்தெருவில் ஒரே பேரத்துக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு பாஷைகளும் வந்து போகும். ஆனால், "நல்ல பிடில் வாத்தியார் எந்தத் தெருவில் இருக்கிறார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் நாம் சற்றுத் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். நீண்ட கறுப்புப் பெட்டியைத் தோளில் மாட்டிக் கொண்ட ஒரு குழந்தை. கையில் சிற்றுண்டிப் பாத்திரத்துடன் அதன் தாயோ தந்தையோ. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் போகிறார்கள். நாற்பது கிலோமீட்டர் போய், முக்கால் மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு, நாற்பது கிலோமீட்டர் திரும்பி வருகிறார்கள். வித்தைக்காக வெளியூர் போவது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. ராஜாஜியே ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குத்தானே போனார்? ஆனாலும் வாரம் தவறாமல் அந்தக் குழந்தைகளைப் பார்க்கும்போது நமக்கு ஒரு யோசனை தோன்றாமல் இல்லை.

பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கணக்குக்கு மார்க்கு ஏன் குறைந்தது என்பது முதல், பெண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டுமா என்பது வரையில் எல்லாவற்றுக்கும் பெற்றோர் நம்மிடமே வருவார்கள். சென்ற மாதம் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; நம்மிடம் நல்ல தமிழில் பேசினார்.

"ஐயா, எங்கள் பெண் மூன்று வருஷமாகப் பிடில் கற்றுக் கொள்கிறாள். வாத்தியார் அம்மாள் நன்றாக வருகிறது என்கிறார். இதையே தொழிலாக வைத்துக் கொண்டால் பிழைத்துக் கொள்வாளா?"

"கச்சேரி செய்வதற்கா, கற்றுக் கொடுப்பதற்கா?" என்றோம்.

"கச்சேரிக்குத்தான் ஐயா. கற்றுக் கொடுப்பது என்பது கடைசியில் இருக்கவே இருக்கிறதே!" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான் எண்ணிக் கொண்டிருக்கிறோம். மேடை ஏறியவர் வித்வான்; ஏற முடியாதவர் வாத்தியார் என்று ஒரு கணக்கு நாட்டில் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. பிடிலின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு அடியோடு தப்பு என்று தெரிகிறது.

'பிடில் அல்ல, வயலின்' என்று திருத்த வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் சீமைச் சொற்களே. நம் பாட்டிமார் பிடில் என்றே சொன்னார்கள்; நாமும் அதையே சொல்லிவிட்டுப் போகிறோம். வாத்தியமே சீமையிலிருந்து வந்ததுதான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1859) சென்னைக்கு அருகே மணலியில் ஐரோப்பியர் ஒருவரிடம் இதைக் கற்றார் என்பது பிரஸித்தமான வரலாறு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் இருந்து, 1834-இல் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். வந்து நூறு ஆண்டு ஆவதற்குள் இந்த அன்னிய வாத்தியம் நம் வீட்டுப் பிள்ளையாகி, வீணை உட்கார வேண்டிய பக்கவாத்திய ஸ்தானத்தையும் பிடித்துக் கொண்டது.

நம்மவர்கள் அதை அப்படியே வாங்கிக் கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியர் நின்று கொண்டு, மோவாயால் பிடித்து வாசிக்கிறார். நமது வித்வான் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தைத் தோளோடும் மார்போடும் அணைத்துக் கொள்கிறார். இதனால் இடது கை பாரம் தாங்க வேண்டியதில்லை. தந்தியின் மேல் தங்கு தடையில்லாமல் வழுக்கிச் செல்ல முடிகிறது. கமகம் இல்லாமல் கர்நாடக சங்கீதம் ஏது? தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்துக் கொண்டு, பாடுகிறவர் ஒரு கட்டையா ஐந்து கட்டையா என்று பார்த்துச் சுருதியை ஏற்றி இறக்கிக் கொள்கிறார்கள்.

இவ்வளவு வசதிகள் செய்து கொண்டாலும், பக்கவாத்தியம் வாசிப்பது லேசான காரியமல்ல. பாடகர் ஒரு சங்கதியைப் போட்டு முடிப்பதற்குள் அது எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க வேண்டும். ஊகித்ததைக் காட்டிக் கொள்ளாமல் அரை மூச்சு பின்தங்கியே வாசிக்க வேண்டும். முந்திக் கொண்டால் அதிகப்பிரசங்கம். மிகவும் பின்தங்கினால் அசட்டுத்தனம். பிறகு, ஆலாபனையில் தம்முடைய முறை வரும்போது, அதுவரையில் நிழலாக இருந்தவர் ஒரே நிமிஷத்தில் உருவம் எடுத்து, பாடகர் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அந்த மாலையில் பாடகர் என்ன ராகம் எடுக்கப் போகிறார் என்பது பிடில்காரருக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. முன்பின் ஒத்திகை என்பதே கிடையாது. சங்கீதத்தில் இதைவிடக் கடினமான பரீட்சை வேறு உண்டா என்பது நமக்குச் சந்தேகமே.

அந்தப் பரீட்சையில் நாற்பது ஆண்டு தேறி வந்தவர் மைசூர் சௌடய்யா. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு அவரிடம் தனியான உரிமை உண்டு என்று நினைக்கிறோம். 1895-ஆம் ஆண்டு, காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்துப் பக்கத்தில் பிறந்தார். பிற்காலத்தில் தாம் இயற்றிய கீர்த்தனங்களில் 'திரிமகுட' என்று அந்த ஊரின் பெயரையே முத்திரையாக வைத்தார். 1910-இல் மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சிஷ்யராகச் சேர்ந்து, 1918 வரையில் எட்டு ஆண்டுகள் குருகுல வாசம் செய்தார்.

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணப்பா பிடில் வித்வான் அல்லர், அவர் பாடகர். மைசூரில் இன்றும் ராம மந்திரம் என்ற பெயரில் இருக்கும் கோயிலை எழுப்பியவர். பாடகர் ஒருவர் ஒரு பிடில்காரரைத் தயார் செய்வது எப்படி? பாடிக் காட்டித்தான். விரலை எங்கே வை, வில்லை எப்படிப் பிடி என்பதற்கு முன்னால், ராகம் தொண்டையிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பதைச் சிஷ்யர் எட்டு வருஷம் அருகில் இருந்து கேட்டார். கேட்டதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. நல்ல வாத்தியார் எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிட மாட்டார் என்பது நம் தொழிலிலும் உண்மைதான். ஆனால் இதைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் சொல்ல முடியாது!

சௌடய்யாவின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் சொல்வது ஏழு தந்திப் பிடிலைத்தான். அது பிறந்த காரணம் மிகவும் எளியது. 1920-களில் ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வரவில்லை. கொட்டகைகள் பெரிதாகிக் கொண்டு வந்தன, கூட்டமும் பெருகிற்று. செம்பை வைத்தியநாத பாகவதரைப் போன்ற வெண்கலச் சாரீரம் கடைசி வரிசைக்கும் கேட்டுவிடும், பிடில் கேட்காது. காசு கொடுத்து வந்தவர் வில் மேலும் கீழும் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சௌடய்யா நான்கு தந்திகளோடு மேலும் மூன்று இணைத் தந்திகளைக் கட்டி, ஒரே இழுப்பில் இரட்டை நாதம் எழும்படி செய்தார். வில்லும் கையும் அதற்கேற்பப் பலம் பெற வேண்டியிருந்தது. ஏழு பிருடைகளையும் திருகிச் சுருதி சேர்ப்பது எவ்வளவு பொறுமை வேண்டிய காரியம் என்பதை, நான்கைச் சேர்ப்பதற்குள்ளேயே அலுத்துக் கொள்ளும் குழந்தைகளைக் கேட்டால் தெரியும். சாஸ்திரத்துக்கு விரோதம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசி வரிசைக்காரர்கள் மட்டும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தப் பிடிலோடு அவர் தமிழ்நாடு முழுவதும் சுற்றினார். செம்பைக்கும் அவருக்கும் இருந்த பொருத்தத்தைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசிக் கொண்டிருக்கிறார்கள். 1943-இல் வெளிவந்த 'வாணி' என்ற கன்னடப் படத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1956-இல் மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிக்கப்பட்டு, ஓசூர் இந்தப் பக்கமும் பெங்களூர் அந்தப் பக்கமுமாக எல்லை நிலைத்தது. அதற்கு மறு ஆண்டே, 1957-இல், சென்னை மியூசிக் அகாடமி சௌடய்யாவுக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது. எல்லைக் கல் நட்டவர்கள் ராகங்களுக்கு நடுவில் நடவில்லை என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

1967-இல் அவர் காலமானார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1980-இல், பெங்களூரில் அவர் பெயரால் ஒரு மண்டபம் எழுந்தது. கட்டடமே பிடில் உருவத்தில், தந்தி, பிருடை, குதிரை, வில் எல்லாவற்றுடனும் இருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் தந்திகளைத்தான் எண்ணுவார்கள்.

அந்த ஏழு தந்திப் பிடில் பிறகு என்ன ஆயிற்று? ஒலிபெருக்கி வந்தது, தேவை தீர்ந்தது. அதைக் கையாண்டவர்கள் மிகச் சிலர். பெங்களூரில் வாழ்ந்த ஆர். ஆர். கேசவமூர்த்தி அவர்களில் தலைசிறந்தவர். அவர் மேடையில் பெற்ற புகழுக்குக் குறையாத புகழை ஆசிரியராகவும் பெற்றவர். அவருடைய சிஷ்யர்களிலும் சிஷ்யர்களுக்குச் சிஷ்யர்களிலும் பெரும்பாலோர் நான்கு தந்தியிலேயே வாசிக்கிறார்கள். சௌடய்யாவின் வாழ்க்கையில் எல்லாரும் கண்டு வியந்த பகுதி கட்டடமாக நிற்கிறது. ஆனால் அவர் பெங்களூரில் அய்யனார் சங்கீதக் கல்லூரி என்று ஒரு பாடசாலையைத் தொடங்கி, பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாரே, அந்தப் பகுதியை யாரும் கட்டடமாகக் கட்டவில்லை. நம் ஓசூர்க் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பெங்களூரில் கற்றுக் கொள்ளும் வில் பிடிப்பிலும் விரல் அசைவிலும் அது இருக்கிறது.

சௌடய்யாவோடும் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையோடும் சேர்த்துப் பிடில் மும்மூர்த்திகள் என்று சொல்லப்பட்ட மற்றொருவர் துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு. அவரும் ஒரு வகையில் நம் பக்கத்துக்காரர்; 1893-இல் பெங்களூரில் பிறந்தார். வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். கண் பார்வை குறைவாக இருந்தபடியால் பள்ளிப் படிப்பு நின்று போயிற்று. மூத்த சகோதரர் பிடில் கற்பித்தார். 1919-இல் விஜயநகரத்தில் மகாராஜா சங்கீதக் கல்லூரி ஏற்பட்டபோது, இருபத்தாறு வயதில் அங்கே பிடில் ஆசிரியரானார். மாணவராகச் சேர்வதற்கு விண்ணப்பம் செய்யப் போனவரை, வாசிப்பைக் கேட்டதும் ஆசிரியராகவே நியமித்து விட்டார்கள் என்று சொல்வதுண்டு. 1936-இல் அந்தக் கல்லூரிக்கே தலைவரானார்.

பிட்டர் அன்பருக்கு நாம் முக்கியமாகச் சொன்னது நாயுடுவின் கதையைத்தான். அதில் காலக்கிரமத்தைப் பாருங்கள். முதலில் வாத்தியார் உத்தியோகம். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1938-இல், நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் உள்ள வேலூரில், பிடிலையே பிரதானமாக வைத்து முதல் தனிக் கச்சேரி. அதுவரையில் பாடகருக்குப் பக்கத்தில் இருந்த வாத்தியத்தை நடுவில் கொண்டு வந்து உட்கார்த்தி வைத்தவர் ஒரு கல்லூரி வாத்தியார்! 1941-இல் சங்கீத கலாநிதி ஆனார். கல்லூரித் தலைவராகவும் இருந்து கொண்டே கச்சேரிகளுக்கும் போய் வந்தார். கற்றுக் கொடுத்ததனால் அவருடைய கை மழுங்கவில்லை. தினந்தோறும் ஒரு மாணவனுக்குச் சரளி வரிசையின் முதல் ஸ்வரத்தைச் சுத்தமாக வரவழைக்க மன்றாடுகிறவருக்கு, தம்முடைய ஸ்வரம் அசுத்தமாக இருந்தால் பொறுக்காது. அவருடைய வில்லில் வந்த நாதத்தின் மென்மைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் ஊகம்.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் என்ற மூவர் பிடிலுக்கு அரை நூற்றாண்டு அணி செய்தார்கள். இந்த மூவருக்கும் குரு யார் என்று பார்த்தால், மூன்றும் ஒரே பதில்: தந்தை. லால்குடிக்குக் கோபாலய்யர், கிருஷ்ணனுக்கு நாராயணய்யர், கோபாலகிருஷ்ணனுக்குப் பறூர் சுந்தரமய்யர். மைசூரில் மகாதேவப்பா என்னும் ஆசிரியர் தம் புதல்வர் நாகராஜ், மஞ்சுநாத் இருவரையும் தாமே தயார் செய்து உலக மேடைகளுக்கு அனுப்பினார். வீட்டுக்குள்ளேயே வாத்தியார் இருந்தால் எவ்வளவு அனுகூலம் பாருங்கள்! விடியற்காலை நாலரை மணிக்குச் சாதகம் செய்யும் குழந்தை ஒரு ஸ்வரம் பிசகினால், அடுத்த அறையிலிருந்து உடனே ஒரு கனைப்புச் சத்தம் கேட்கும். வாரத்துக்கு முக்கால் மணி பாடம் கேட்கும் குழந்தைக்கு அந்தப் பிசகு ஏழு நாள் பழக்கமாகி, எட்டாவது நாள் பெங்களூருக்குப் போய்த்தான் வெளிப்படும். அதற்குள் விரல் அதையே சரியென்று நம்பிவிடும். தப்பை ஏழு நாள் சாதகம் செய்வதைவிடச் சாதகம் செய்யாமலே இருப்பது மேல்.

தந்தை லேத்து எந்திரத்தில் நிற்கிறவராகவும் தாய் பூப்பண்ணைக் கணக்கு எழுதுகிறவராகவும் உள்ள நம் ஊர்க் குழந்தைக்கு அடுத்த அறைக் கனைப்பு எங்கிருந்து வரும்? சௌடய்யாவுக்குக் கிருஷ்ணப்பா வீடு இருந்ததுபோல, கூப்பிடு தூரத்தில் ஒரு வாத்தியார் வீடு இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று மாலை போய் வரும் தூரத்தில் அவர் இருந்தால் போதும். அப்படிப்பட்டவர் ஊரில் தங்க வேண்டுமானால் அவருக்கு வாழ்க்கை நடக்க வேண்டும். நம் பெற்றோர்களுடைய வழக்கம் எப்படி இருக்கிறது? கணக்கு டியூஷனுக்குக் கேட்ட தொகையைக் கேட்டபடி கொடுத்துவிடுகிறார்கள். பிடிலுக்கு மட்டும் காய்கறிக் கடையைப் போல் பேரம் பேசுகிறார்கள். பரீட்சை மாதம் வந்தால் பிடில் வகுப்பு நின்று போகும்; அந்த மாதத்துச் சம்பளமும் கூடவே நின்று போகும். கல்யாண வரவேற்புக்கு, 'சும்மா ஒரு மணி நேரம் வாசியுங்களேன்' என்று அழைப்பார்கள். மேளத்துக்கும் போட்டோவுக்கும் முன்பணம் உண்டு, பிடிலுக்கு ஒரு தாம்பூலப் பை. இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆகையால் கூச்சமில்லாமல் எழுதுகிறோம்.

கச்சேரி வருமானமும் அப்படி ஒன்றும் ஆறாகப் பெருகி ஓடுவதில்லை. மார்கழியில் சென்னையிலும், ராம நவமிக் காலத்தில் பெங்களூரிலும் சபைகள் கூட்டமாக நடக்கும். பெங்களூர்க் கோட்டைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் ராம சேவா மண்டலியார் நடத்தி வரும் பந்தல் கச்சேரிகளுக்கு நம் ஊர் ரசிகர்களும் போய் வருவதுண்டு. மற்ற மாதங்களில் வித்வான்களுக்கு ஏகாதசிதான். பக்கவாத்தியக்காரரின் சம்பாவனை பாடகருடையதைவிடக் குறைவு என்பது எழுதாத சட்டம். அதனால் பெயர் பெற்ற வித்வான்களும் மாதந்தோறும் அடுப்பெரிவதற்குச் சிஷ்யர்களையும் கல்லூரி உத்தியோகத்தையும் ஆகாசவாணியையும் நம்பியே இருந்திருக்கிறார்கள். டி. என். கிருஷ்ணன் சென்னைச் சங்கீதக் கல்லூரியிலும், பிறகு டில்லி சர்வகலாசாலையிலும் கற்பித்தவர். ஆகாசவாணியில் வாசிக்க வேண்டுமானால் தணிக்கைப் பரீட்சை உண்டு. பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று படிகள் உண்டு. கீழ்ப்படியில் ஏறுவதற்கே பல ஆண்டுச் சாதகம் வேண்டும்.

இந்தக் காலத்தில் ஒரு புது வழியும் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் குழந்தைகளுக்குக் கணினித் திரை மூலம் பாடம் சொல்கிறார்கள். அங்கே மாலை, இங்கே விடியற்காலை. வாத்தியார்களுக்கு வருமானம் கூடியிருக்கிறது. நமக்கு அதில் சந்தோஷமே. ஒரே ஒரு குறை. ஒலி திரையின் வழியாகக் கொஞ்சம் தாமதித்தே போய்ச் சேருவதால், குருவும் சிஷ்யனும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் வாசித்து நிறுத்த, மற்றவர் திருப்பி வாசிக்க வேண்டும். பக்கவாத்தியத்துக்கு உயிர் சேர்ந்து வாசிப்பதில் இருக்கிறது. அரை மூச்சு பின்தங்குவது எப்படி என்பதை அருகில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

பிட்டர் அன்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு, "பெண் பிள்ளை ஆயிற்றே ஐயா, வாத்தியம் வாசித்துக் கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா?" என்றார். நாயுடு கற்பித்த அதே விஜயநகரத்தில் பிறந்த அ. கன்யாகுமரியைப் பற்றிச் சொன்னோம். அந்த ஊரிலேயே இவடூரி விஜயேஸ்வர ராவிடம் கற்று, பின்னர் சென்னை வந்து எம். சந்திரசேகரனிடம் கற்று, எம். எல். வசந்தகுமாரிக்கு நெடுங்காலம் பக்கம் வாசித்து, 2016-இல் சங்கீத கலாநிதி ஆனார். பிடில் வாசிக்கும் பெண்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அவர் தயார் செய்த சிஷ்யர்கள் எத்தனையோ பேர். அன்பர் அந்தப் பெயரைத் தம் கைப்பேசியில் எழுதிக் கொண்டார்.

பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது. பள்ளிப் படிப்பை விட வேண்டாம் என்றோம். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் இவற்றோடு பிடிலும் அங்கே மூன்று ஆண்டுப் பாடம். எல்லைக்கு அப்பால் கற்பவர்களுக்குக் கர்நாடகத்தின் ஜூனியர், சீனியர், வித்வத் பரீட்சைகள் நெடுநாளாக வழக்கில் இருக்கின்றன. எந்தப் பக்கம் படித்தாலும் ஸ்வரம் ஏழுதான். பிறகு விருப்பம் நிலைத்தால் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் உண்டு. அவளைவிடச் சிறிய குழந்தை யாராவது தெருவில் இருந்தால், இப்போதே சனிக்கிழமைதோறும் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள் என்றும் சொன்னோம். பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்பருக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. "அவளே இன்னும் வர்ணம் தாண்டவில்லையே ஐயா!" என்றார். சென்ற வாரம் மறுபடியும் அவரைக் கடைத்தெருவில் கண்டோம். எதிர் வீட்டுக் கன்னடக் குடும்பத்துப் பையனுக்கு அரை அளவுப் பிடில் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறதாம். பெங்களூர் ஆவென்யூ ரோட்டுப் பக்கம் விசாரிப்பதா, சென்னையிலிருந்து வரவழைப்பதா என்று நம்மைக் கேட்டார். எங்கே வாங்கினாலும் வாத்தியார் அம்மாளை உடன் அழைத்துக் கொண்டு போகும்படி சொல்லியிருக்கிறோம். கடைக்காரர் வார்னிஷைக் காட்டுவார். அந்த அம்மாள் குதிரை நேராக நிற்கிறதா, பிருடை வழுக்காமல் பிடிக்கிறதா என்று பார்ப்பார்.